பதினேழாம் எண் பெட்டி

பெட்டிக்கு ஆணியடித்தது சத்தியராஜ்தான். அதை அவர் எந்த இடத்திலும் மறுக்கவில்லை. பின்னால் அமைந்த நான்கு குழுக்களும் அவரிடம் முதலில் கேட்ட கேள்வி அதுதான். நான்கிடமும், "ஆமா, நான்தான் அடிச்சேன், இருபத்திரண்டு ஆணி" என்று ஒரே பதிலைத்தான் சொன்னார். ஈரம் காயாத எண்ணெய்ச் சாயப் படத்தை மில்லர்புரத்திலிருந்து கடற்கரைச் சாலை வரைக்கும் லோடு ஆட்டோவில் கொண்டுபோக வேண்டுமென்றால், பெட்டி செய்து ஆணியடிக்காமல் மனுஷன் வேறென்னதான் செய்வான்?

சத்தியராஜ் நாசரேத்துக்காரர். தூத்துக்குடியில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பூசணிக்காய், செம்பு, கலங்கரை விளக்கம் என்று பாதி ஊருக்குக் கோடு போடச் சொல்லிக்கொடுத்தவர். அவருக்கும் அவர் மனைவி ஜாய்க்கும் ஒரே பிள்ளை, பெவின். ஆறு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து மூன்றே நாளில் போய்விட்டான். இருந்திருந்தால் இப்போது இருபத்தேழு முடிந்திருக்கும்.

ஜாய்க்குச் சர்க்கரை வியாதி கண்ணைப் பிடித்துவிட்டது. திருநெல்வேலியில் கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள். மூன்றாவது ஊசிக்குப் பிறகு டாக்டர், "பாக்க வேண்டியத எல்லாம் ஒரு வருஷத்துக்குள்ள பாத்துக்கிடுங்கம்மா" என்று சொல்லிவிட்டார். திரும்பி வரும்போது பஸ் வல்லநாட்டைத் தாண்டியது. கொடைக்கானலுக்குக் கூட்டிப்போகலாமா, தாஜ்மகாலுக்கா என்று சத்தியராஜ் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதாங்க பாக்கணும்," என்றாள் ஜாய். "பெவின் இருந்திருந்தா இப்போ எப்படி இருப்பான்னு பாக்கணும். நீங்க வரைஞ்சு காட்டுங்க."

ஆறு மாதம் வரைந்தார். வீட்டில் இருந்த போட்டோவில் எல்லாம் ஆறு வயதுப் பிள்ளைதான். அதற்கு மேலே இருபத்தொரு வருஷத்தையும் ஜாய்தான் சொன்னாள். படத்தின் முதுகுப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, தினமும் காலையில் ஒரு மணி நேரம் சொல்லுவாள்.

"தாடை உங்கது. மூக்கு எங்க அண்ணன் மூக்கு, ஆனா அம்புட்டு நீளம் வேண்டாம். இடது புருவத்துல தழும்பு இருக்கணும், ஊஞ்சல்ல இருந்து விழுந்தான்லா."

"மீசை?"

"வச்சிருப்பான். ஆனா ஒழுங்கா வெட்டமாட்டான்." கொஞ்சம் யோசித்து, "முன்பல்லுல ஒரு சந்து இருக்கும். பால்பல்லுலயே இருந்துச்சு. சிரிக்கானா?" என்று கேட்டாள்.

"இப்போ சிரிக்கப் போறான், ஏளா. பொறு."

ஆனால் படத்தை மட்டும் காட்டமாட்டேன் என்றுவிட்டார். அது அவருடைய பிடிவாதம். கண்காட்சியில், பெரிய சுவரில், நல்ல வெளிச்சத்தில், நாலு பேர் நின்று பார்க்கிற இடத்தில்தான் அவள் முதல்தடவை பார்க்க வேண்டும். "போன்லயாவது ஒரு படம் புடிச்சுக் காட்டுங்களேன்" என்று ஜாய் கெஞ்சியபோது, "போன்ல பாக்கவா நான் ஆறு மாசமா வரையுதேன்?" என்று எகிறினார். எல்லாக் கலைஞனுக்கும் உள்ள கொழுப்பு அவருக்கும் கொஞ்சம் இருந்தது. அதற்கு அவர் பட்டதை நினைத்தால் திட்டவும் மனசு வரவில்லை.

கண்காட்சி என்பது முத்துக்கரை சமகாலக் கலை அறக்கட்டளையின் கலைத் திருவிழா. பஞ்சு மூட்டை அடுக்கிவைக்கிற பழைய கிட்டங்கி ஒன்றுக்கு வெள்ளையடித்து, குளிர்சாதனம் போட்டு, கழிவறைக்கு மட்டும் பூட்டுப் போட்டு வைத்திருந்தார்கள். சென்னையிலிருந்து வந்த சிவப்பிரகாஷ் அதன் கலை இயக்குநர். அலுவலக மேலாளர் மெல்வின், சத்தியராஜிடம் எட்டாம் வகுப்பில் டிராயிங் படித்த பையன். உள்ளூர் ஓவியர் ஒருவரையாவது சேர்க்க வேண்டும் என்று யாரோ மனு கொடுத்ததால் சத்தியராஜின் படம் பதினேழாம் எண்ணில் தேர்வானது. திறப்பு விழாவைப் பத்து நாள் முன்னதாகவே வைத்துவிட்டார்கள். அதனால்தான் படம் காயவில்லை. கேன்வாஸ் மூடிப்பலகையில் ஒட்டாமலிருக்க மூலைக்கு ஒரு மரக்கட்டையாக நாலு கட்டை வைத்து ஒட்டி, இருபத்திரண்டு ஆணியும் அடித்து அனுப்பினார். மறுநாள் காலையில் அங்கே ஆள் வந்து திறந்து மாட்டுவதாகப் பேச்சு.

மறுநாள் அங்கே நடந்தது யாரும் எதிர்பாராத ஒன்று. தலைமை விருந்தினர் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார்.

பத்து மணி என்று அழைப்பிதழில் போட்டால் பன்னிரண்டரைக்கு வருவார்கள் என்று கணக்கிட்டுத்தான் எல்லா வேலையும் நடக்கும். பெட்டி திறக்க வேண்டிய ஆள் டீ குடிக்கப் போயிருந்தான். விருந்தினரோ ஓய்வுபெற்ற உயர் அதிகாரி. நேரே மண்டபத்தின் நடுவுக்கு வந்து, ஆணியடித்த பெட்டியின் முன் நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஒலிபெருக்கியைக் கொண்டுவரச் சொன்னார்.

"நான் நாற்பதாண்டுக் காலம் அரசுப் பணியில் இருந்தவன்," என்று தொடங்கினார். "என் மேசைக்கு வந்த கோப்புகளில் பாதியை நான் திறந்ததே இல்லை. அன்றைக்கு அதைச் சிலர் குறையாகப் பேசினார்கள். இந்தப் பெட்டியின் முன்னால் நிற்கும்போதுதான் எனக்கே விளங்குகிறது, நான் அப்போதே ஒரு கலைஞனாகத்தான் இருந்திருக்கிறேன். இதே கடற்கரையில் முத்துக்குளிக்கும் சிலாபம் நடந்த காலத்தில், எடுத்த சிப்பியைத் திறக்காமலே குவியல் குவியலாக ஏலம் விட்டார்கள். உள்ளே முத்து உண்டா, இல்லையா? யாருக்கும் தெரியாது. அந்தத் தெரியாமைக்குத்தானே விலை! இந்தப் பெட்டியைச் செய்த கலைஞன் அந்த மரபை மீட்டிருக்கிறான். இதை ஒருபோதும் திறக்கக் கூடாது."

நாற்பது நிமிஷம் பேசினார். கைதட்டல் ஓயவில்லை.

ஜாய் அன்றைக்குக் கல்யாண நாளுக்குக் கட்டுகிற சந்தன நிறப் பட்டைக் கட்டியிருந்தாள். கண்ணாடியை மூன்றாவது தடவையாக முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, "எங்கங்க படம்?" என்று மெல்லக் கேட்டாள்.

"அந்தா நிக்கில்லா பெட்டி. அதுக்குள்ளதான். அவிய பேசி முடிக்கட்டும், திறப்பாவ."

அவர் பேசி முடித்தார். பெட்டியைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டினார்கள்.

சத்தியராஜ் ஓடிப்போய் சிவப்பிரகாஷின் கையைப் பிடித்தார். "ஐயா, இது பெட்டி. வெறும் பேக்கிங். படம் உள்ள இருக்கு."

"சார், உங்க அடக்கம் எனக்குப் புரியுது," என்றார் சிவப்பிரகாஷ். "ஆனா அவர் பேசிட்டாரு. நாளைக்கு எல்லாப் பேப்பர்லயும் பெட்டிதான். இப்ப திறந்தா அவர் பேசினது தப்புன்னு ஆயிடும். ஒரு நிறுவனம் தன் தலைமை விருந்தினரைத் தப்புன்னு சொல்லலாமா? நீங்களே சொல்லுங்க."

"உள்ள ஈரம் காயல ஐயா. காத்துப் படணும்."

"காத்துக்காக ஏங்குற ஓவியம்!" சிவப்பிரகாஷ் குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

ஜாய் கயிற்றுக்கு மேலே கையை நீட்டிப் பெட்டியின் பலகையைத் தொட்டுக்கொண்டு நின்றாள். இரண்டு பேர் அவளைப் போட்டோ எடுத்தார்கள். மூன்றாம் நாள் பேப்பரில் அந்தப் படம் வந்தது. 'திறக்காத படைப்பில் மூழ்கிய பார்வையாளர்' என்று கீழே போட்டிருந்தது.

மனுக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தார். அதைப் பரிசீலிக்க ஒரு குழு போட்டார்கள். அந்தக் குழுவுக்குத் திறக்க அதிகாரம் உண்டா என்று பார்க்க இன்னொரு குழு. அதற்கு மேல் இன்னும் இரண்டு. சமர்ப்பிக்கப்பட்ட படைப்பின் வடிவத்தைக் கண்காட்சி முடியும்வரை யாரும் மாற்றக் கூடாது என்ற விதியின் கீழே சத்தியராஜ் கையெழுத்துப் போட்டிருந்ததை மெல்வின் எடுத்துக் காட்டினான். "நான் என்ன சார் செய்ய முடியும்? நீங்க சொல்லிக்குடுத்த பூசணிக்காய இன்னும் மறக்கல, கேட்டியளா. ஆனா ரூல்ஸ்னு ஒண்ணு இருக்குல்லா" என்று தலையைச் சொறிந்தான்.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. 'படைப்பின் உள்ளே ஓவியம் ஒன்று இருப்பதாகப் படைப்பாளி தொடர்ந்து கூறிவருவது படைப்பின் மதிப்புக்குக் குந்தகம் விளைவிப்பதாக உள்ளது. வல்லுநர் மதிப்பீட்டின்படி பெட்டியின் மதிப்பு உயர்ந்துள்ளது. உள்ளடக்கத்தின் மதிப்பு பூஜ்யம். எனவே, உள்ளே இருப்பது பற்றிய தகவலைப் படைப்பாளி இனியும் கசியவிடாதிருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்.'

சத்தியராஜ் ஒன்றும் புதுக் கலை என்றாலே மூஞ்சியைச் சுளிக்கிற ஆள் கிடையாது. அதே மண்டபத்தில் ஒரு பெண் ஆறுமுகநேரி உப்பை ஒரு டன் கொட்டி வைத்திருந்தாள். ஜனங்கள் அதை மிதித்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். நாளாக ஆக வெள்ளை உப்பு கறுத்துக்கொண்டே வந்தது. அதன் முன்னால் நின்று அவர் கண் கலங்கியதுண்டு. அந்தப் பெண்ணுக்குச் சொல்வதற்கு ஒரு விஷயம் இருந்தது, சொன்னாள். ஆனால் இந்தப் பெட்டிக்குச் சொல்வதற்கு என்ன இருந்தது? ஒரு மத்தியானம் ஆளில்லாத நேரத்தில் பெட்டியின் முன்னால் நின்று நியாயமாகவே யோசித்துப் பார்த்தார். ஒருவேளை இவர்கள் சொல்வது சரியோ? மூடி வைத்ததைப் பார்த்து ஆசைப்படுவதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. ஆறு மாதம் ஜாயிடம் படத்தின் முதுகைக் காட்டிக்கொண்டு அந்தச் சுகத்தை அனுபவித்தது யார்? அன்றைக்கு வீட்டுக்கு நடந்தே போனார்.

வீட்டில் ஜாய் டம்ளருக்கு வெளியே டீயை ஊற்ற ஆரம்பித்திருந்தாள். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. ஜெபப் புத்தகத்தை மூக்கில் ஒட்டுகிற மாதிரி வைத்துக்கொண்டாள். "திறந்தாவளா?" என்று அவர் செருப்பைக் கழற்றும் முன்னே கேட்பாள். "அடுத்த வாரம்" என்பார் சத்தியராஜ். வேறொரு தாளில் கரியால் திரும்ப வரைந்து பார்த்தார். ஜாய் ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெகுநேரம் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இது உங்க மூஞ்சிங்க. எம் பிள்ளை இல்ல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அது வாஸ்தவம்தான். ஆறு மாதம் இரண்டு பேரும் சேர்ந்து பெற்ற முகம், ஒரே ஆள் ஒரு மத்தியானத்தில் திரும்பப் பெற முடியுமா?

மூன்றாம் மாதம் 'செவிவழி அனுபவம்' தொடங்கியது. சனிக்கிழமைதோறும் புரவலர்கள் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு பெட்டியைத் தூக்கி ஆட்டி, காதை வைத்துக் கேட்கலாம். முதல் சனிக்கிழமை சத்தியராஜும் நின்றார். நாலு பேர் சேர்ந்து ஆட்டினார்கள். உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம்.

அது மூலைக்கட்டை. அவர் வைத்த நாலில் ஒன்று கழன்றுவிட்டது.

"ஐயோ, ஆட்டாதீங்க!" என்று அலறினார். "பலகையில முகம் ஒட்டிரும்!"

மண்டபமே மெய்மறந்து நின்றது. ஒரு அம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்த சனிக்கிழமை முதல் அந்த அலறலும் உண்டா என்று கேட்டு முன்பதிவு செய்தார்கள்.

முத்து விஷயம் தெரிந்தவர் என்று காயல்பட்டினத்திலிருந்து ரத்தினக்கல் வியாபாரி ஈஸாவை வரவழைத்தார்கள். எழுபது வயது மனிதர். கையுறையை வாங்கி மேசையில் வைத்துவிட்டார்.

"ஆட்டிப் பாத்துச் சொல்லுங்க பாய், உள்ள முத்து இருக்கா?" என்று சிவப்பிரகாஷ் சிரித்தார்.

"தம்பி, திறக்காமதான் வாங்குவாக. வாஸ்தவம்," என்றார் ஈஸா. "வாங்குனதுக்கப்புறம் என்ன செய்வாகன்னு அன்னைக்குப் பேசுன உங்க விருந்தாளிக்கு யாரும் சொல்லலையா? திறப்பாகப்பா! அழுகவிட்டு, புழு நெளியிற சிப்பியக் கையால அலசி, நாத்தத்துல நின்னு தேடுவாக. யாராவது சிப்பிய வாங்கி வீட்டுல பூட்டி வச்சுக் கும்பிட்டானா? கடப்பாரையக் கொண்டாங்க. திறந்து பாத்துட்டு நான் சொல்லுதேன்."

அவருக்கு ஒரு பொன்னாடை போர்த்தி அனுப்பிவைத்தார்கள். பிறகு அவரைக் கூப்பிடவில்லை.

ஆனால் அவர் சொன்ன கடப்பாரை சத்தியராஜின் மனசில் தங்கிவிட்டது. திங்கட்கிழமை காலையில் ஒரு கடப்பாரையைத் துணிப்பையில் சுற்றி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். வாசலிலேயே காவலாளி பிடுங்கிக்கொண்டான். போலீஸில் பிடித்துக் கொடுப்பார்கள் என்று பயந்துகொண்டே மறுநாள் போனால், பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பேழை. அதற்குள் அவருடைய கடப்பாரை, பக்கத்தில் மடித்துவைத்த அவருடைய துணிப்பை. 'பதினேழு அ. கடப்பாரை, துணி. கலைஞரின் கொடை' என்று அட்டை எழுதி வைத்திருந்தார்கள்.

ஐந்தாம் மாதம், அந்த ஆண்டின் 'மௌனச் சிற்பி' விருது சத்தியராஜுக்கு என்று அறிவித்தார்கள். வேண்டாம் என்று சொல்லத்தான் இருந்தார். விருது வாங்குகிறவர் இரண்டு நிமிஷம் பேசலாம் என்று மெல்வின் சொன்னதும் ஒத்துக்கொண்டார். பேப்பர்காரர்கள் வருவார்கள், அறங்காவலர்கள் எல்லாரும் முன்வரிசையில் இருப்பார்கள். நேருக்கு நேர் சொன்னால் மனுஷனுக்குக் கேட்காமலா போகும்?

ஜாயைக் கூட்டிப்போய் முன்வரிசை ஓரத்தில் உட்காரவைத்தார். அவளுக்கு மேடை வெளிச்சம் மட்டும் தெரிந்தது. சத்தியராஜ் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டார். எழுதி வைத்திருந்த தாளை எடுத்தார். அதை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டார்.

"எனக்குப் பேசத் தெரியாது. அந்தப் பெட்டிக்குள்ள எம் மகன் முகம் இருக்கு. அவன் ஆறு வயசுல செத்துப்போனான். வளந்திருந்தா எப்படி இருப்பான்னு அவன் அம்மை சொல்லச் சொல்ல நான் வரைஞ்சேன். அவ இன்னும் அதப் பாக்கல. அவளுக்குக் கண்ணு போய்க்கிட்டு இருக்கு. இந்தா, முன்னாலதான் இருக்கா. இன்னும் கொஞ்சம் வெளிச்சம் பாக்கி இருக்கு. உங்க காலப் புடிச்சுக் கேக்குதேன். விருது வேண்டாம். பெட்டியத் திறங்க."

முன்வரிசை முழுவதும் எழுந்து நின்றது. பின்வரிசையும் எழுந்தது. மூன்று நிமிஷம் கைதட்டினார்கள். அறங்காவலர் ஒருவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து கட்டிப்பிடித்து, "என்னா நடிப்பு சார்! பெட்டிக்கு ஒரு கதை குடுத்துட்டீங்களே. இனிமே இத எவன் திறக்க விடுவான்?" என்றார்.

ஆட்டோவில் வரும்போது, "எல்லாரும் தட்டினாவளே, அப்போ திறப்பாவ, இல்லையாங்க?" என்று ஜாய் கேட்டாள். சத்தியராஜ் விருதுக்குக் கொடுத்த கண்ணாடிப் பெட்டகத்தை மடியில் வைத்துக்கொண்டு, புது ஹார்பர் பக்கம் போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழாம் மாதம் ஒரு காலையில் ஜாய், "கரண்டு போயிடுச்சாங்க?" என்று கேட்டாள். ஜன்னல் திறந்துதான் இருந்தது. வெயில் கட்டில் வரைக்கும் வந்து விழுந்துகிடந்தது.

பெட்டி திரும்பி வந்தது ஒன்பதாம் மாதம். யாரும் மனசு மாறி அனுப்பவில்லை. அடுத்த ஆண்டுத் திருவிழாவுக்கு 'திறந்த வெளி' என்று கருப்பொருள் வைத்துவிட்டார்கள். புதுத் தலைமை விருந்தினருக்கு மூடிய பொருள் எதுவும் பிடிக்காதாம். கிட்டங்கியில் இடம் இல்லையென்று, மூடிய படைப்புகளை எல்லாம் ஒரே லோடு ஆட்டோவில் ஏற்றி வீடு வீடாக இறக்கிவிட்டுப் போனார்கள். "கையெழுத்துப் போடுங்க சார்" என்று மெல்வின் தாளை நீட்டினான். கடப்பாரையையும் மறக்காமல் கொண்டுவந்திருந்தான். உள்ளே உட்கார்ந்திருந்த ஜாயைப் பார்த்தவன் கையெழுத்தை வாங்காமலே போய்விட்டான்.

"வந்துட்டானா?" என்றாள் ஜாய்.

"வந்துட்டான்."

அவள் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் போனாள். வர நேரமானது. சந்தன நிறப் பட்டைக் கட்டிக்கொண்டு வந்தாள். கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

சத்தியராஜ் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். மூடியைத் தூக்கும்போது ஏதோ பிய்கிற சத்தம் கேட்டது. பூஞ்சை நாற்றம் மூக்கில் அடித்தது. கன்னமும் கண்ணும் மூக்கும் வாயும் பலகையோடு போய்விட்டன. கேன்வாஸில் மிஞ்சியது காதும், கொஞ்சம் முடியும், நெற்றியில் பாதியும். அதன் மேலும் பச்சையாகப் பூத்திருந்தது. பலகையை ஒரு கையிலும் கேன்வாஸை ஒரு கையிலும் பிடித்தபடி அவர் நின்றார். வாய்விட்டு அழக்கூட முடியவில்லை. அழுதால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

"எப்படிங்க இருக்கான்?"

சத்தியராஜ் பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு, கேன்வாஸை அவள் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

"நல்லா இருக்கான் ஏளா. தாடை எந் தாடைதான். மூக்கு உங்க அண்ணன் மூக்கு, ஆனா அம்புட்டு நீளமில்ல. நீ சொன்ன மாதிரியேதான்."

பார்க்காத பெட்டியின் முன்னால் நின்று தலைமை விருந்தினர் பேசியது நாற்பது நிமிஷம். சத்தியராஜ் அன்றைக்கு அதற்கும் அதிகமாகவே பேசினார். சட்டைக் காலர் எப்படி இருக்கிறது, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது, கண்ணின் ஓரத்தில் எங்கே சுருங்கியிருக்கிறது என்று, இல்லாத ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"புருவத்துல தழும்பு?"

"இருக்கு."

"மீசை?"

"ஒழுங்கா வெட்டல."

ஜாய் சிரித்துவிட்டாள். "எனக்குத் தெரியும். பல்லுல சந்து தெரியுதா?"

"இந்தா சிரிக்கப் போறான். லேசாத் தெரியுது."

அவள் கையை நீட்டினாள். முகம் இருக்கும் உயரத்துக்கு அவள் விரல்கள் சரியாக வந்தன. சத்தியராஜ் பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்தார்.

"தொடாத ஏளா. இன்னும் ஈரம் காயல."

டிராயிங் மாஸ்டருக்கு முப்பது வருஷம் பொண்டாட்டியாக இருந்தவள் ஜாய். எண்ணெய்ச் சாயம் எத்தனை நாளில் காயும் என்பது அவளுக்குத் தெரியாதா? அறை முழுக்க அந்த நாற்றம் வேறு. நீட்டிய கையை அவள் மெதுவாக இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்போ காயட்டும்," என்றாள். "அவசரம் ஒண்ணும் இல்லையே."